இரண்டு நீல டிக்

எங்கள் பாத்ரூம் சுவர் ஜனவரி முதல் வாரத்தில் வியர்க்கத் தொடங்கியது. ஓசூர்க் குளிர்தான் காரணம் என்று நினைத்தேன். மார்கழியில் இந்த ஊரில் துவைத்த துணி மூன்று நாளானாலும் காயாது, சுவர் மட்டும் எப்படிக் காயும்? பத்து நாளில் ஈரம் அந்தப் பக்கமிருந்து ஹாலுக்குள் வந்துவிட்டது. பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பி உதிர்ந்தது. கறை மெதுவாக ஸ்விட்ச் போர்டை நோக்கி நகர்ந்தது. ஒருநாள் நைட் ஷிஃப்ட் முடித்து வந்த என் அறைத்தோழி, சேலத்துக்காரி, லைட் போடக் கை வைத்தவள் "அம்மா"ன்னு கத்திக்கொண்டே பின்னால் போய் விழுந்தாள்.

அன்றைக்குக் காலையிலேயே ஓனருக்கு வாட்ஸப்பில் போட்டோ அனுப்பினேன். பிறகு வீடியோ. பிறகு சுவரில் கை வைக்கப் பயந்து துடைப்பக் குச்சியால் லைட் போடும் வீடியோ. எல்லாவற்றுக்கும் இரண்டு நீல டிக் விழுந்தது. அதற்குமேல் ஒன்றும் இல்லை. போன் அடித்தால் முழுசாக ரிங் போய்க் கட்டாகும். ஒரே ஒரு முறை எடுத்தார். "பாக்கறேம்மா, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க." தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்கும் இந்த ஊருக்குப் பொதுமொழி என்று ஒன்று உண்டென்றால் அது இந்த ஒற்றைச் சொல்தான். அத்திப்பள்ளி செக்போஸ்ட்டைத் தாண்டினாலும் அர்த்தம் மாறாது. பொறுத்துக்கொள்ள வேண்டியது யார் என்பதும் மாறாது.

அவர் காது கேட்காதவர் இல்லை. அதே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் தம்பி ஊரிலிருந்து அரிசி மூட்டையோடு வந்தான். அவன் ஷூவைக் கழற்றிப் பத்து நிமிஷம் ஆகியிருக்காது, போன். "யாரோ பையன் வந்திருக்கானாமே?" பெங்களூரில் மகன் வீட்டில் இருப்பவருக்கு எங்கள் வாசலில் கிடக்கும் செருப்பு தெரிகிறது, சுவரில் ஓடும் தண்ணீர் தெரியவில்லை. வாடகை ஐந்தாம் தேதி வராவிட்டால் ஆறாம் தேதி காலை ஆறு மணிக்கு 'குட் மார்னிங்' பூப்படம் வரும். ஆகவே இதை மறதி, வயசு, சோம்பல் என்றெல்லாம் சொல்லி யாரும் என்னைச் சமாதானப்படுத்த வேண்டாம். பதில் சொல்லாமல் இருப்பது அவருக்கு ஒரு வேலைமுறை. அந்த முறை நடக்கிறது, ஏனென்றால் அதில் அவருக்குப் பத்துப் பைசா நஷ்டமில்லை.

கணக்கைப் பாருங்கள். வாடகை 11,000. அட்வான்ஸ் ஒரு லட்சம். பெங்களூர்க்காரர்களின் பத்து மாச அட்வான்ஸ் பழக்கம் பாகலூர் ரோடு வழியாக எப்போதோ இங்கே வந்து குடியேறிவிட்டது. மூன்று பெண்கள் ஆளுக்கு 33,000 போட்டு, மீதி ஆயிரத்தைச் சில்லறையாகச் சேர்த்துக் கொடுத்தோம். சேலத்துக்காரியின் பங்கு அவள் அம்மாவின் தோடு. இந்தப் பணம் அவர் கையில் இருக்கும்வரை நாங்கள் வீட்டைக் காலி செய்கிறோம் என்று மிரட்ட முடியாது. காலி செய்தால் அட்வான்ஸுக்காக இதே நீல டிக்கின் பின்னால் ஓட வேண்டும். பெயின்டிங்குக்கு ஒரு மாசம் கழிப்பார், அவர் வீட்டுக் குழாய் கெடுத்த சுவருக்கும் எங்கள் காசில் பெயின்ட் அடிப்பார். அவருடைய மௌனத்துக்கான செலவை நாங்கள்தான் முன்பணமாகக் கட்டி வைத்திருக்கிறோம்.

தமிழ்நாட்டில் இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் வரையறுக்கும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம், 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. எழுத்துமூல ஒப்பந்தம் கட்டாயம், அதைப் பதிவு செய்வதும் கட்டாயம். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத ஒருவர் வாடகை அதிகாரி. குழாய் மாற்றுவதும் ஒயரிங்கும் உரிமையாளர் பொறுப்பு, குழாய் வாஷர் மாற்றுவது குடியிருப்பவர் பொறுப்பு என்கிற அளவுக்கு அட்டவணை போட்டுப் பிரித்திருக்கிறார்கள். அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்றும் இருக்கிறது. ஆனால் அதே வரியில், இருவரும் வேறுவிதமாக ஒப்புக்கொண்டிருந்தால் தவிர, என்று ஒரு கதவையும் திறந்து வைத்திருக்கிறார்கள். அந்தக் கதவு வழியாகத்தான் எங்கள் 67,000 ரூபாய் வெளியே போனது. ஒப்புக்கொண்டோமாம்! மறுநாள் காலை டியூட்டியில் சேர வேண்டும், ஹாஸ்டலில் மாச முடிவோடு இடம் காலி, கையில் இரண்டு பெட்டி. அந்த நிலையில் நிற்பவர் தலையாட்டுவதற்குப் பேர் ஒப்பந்தமா?

எங்களிடமும் ஒரு பத்திரம் போட்டார். பதினோரு மாசத்துக்கு. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்கிற 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்திலிருந்து தப்பிக்கப் பிறந்த எண் இந்தப் பதினொன்று. புதுச் சட்டம் வந்த பிறகு பதினோரு மாசமானாலும் பதிவு செய்தாக வேண்டும், ஆனால் பழக்கம் போகவில்லை. கையெழுத்து வாங்கிக்கொண்டு, "செராக்ஸ் எடுத்துத் தரேன்மா" என்று போனார். அந்த செராக்ஸும் இன்னும் வரவில்லை.

இத்தனைக்கும் அவர் யார் தெரியுமா? இதே சிப்காட்டில் முப்பது வருஷம் இயந்திரத்தோடு நின்றவர். வீடு பார்க்கப் போன அன்று டீ வாங்கிக் கொடுத்து, தன் யூனியன் கதையை ஒரு மணி நேரம் சொன்னார். கேட்கவே ஆசையாக இருந்தது. மேனேஜ்மென்ட் பேச்சுவார்த்தைக்கே வராமல் இழுத்தடித்தது, கேன்டீன் சாப்பாட்டைத் தொடாமல் உட்கார்ந்தது, கடைசியில் எழுத்தில் செட்டில்மென்ட் வாங்கியது. "வாய்ப் பேச்சை மட்டும் நம்பவே கூடாதும்மா, எழுத்துல வாங்கணும்" என்றார். அந்த செட்டில்மென்டில் வந்த சம்பளமும், பிறகு வந்த பி.எஃப். பணமும்தான் இந்த மாடி வீடு. பதில் சொல்லாமலே ஆளைச் சோர்வடைய வைக்கலாம் என்கிற பாடத்தை அவர் எதிர்ப்பக்கத்திலிருந்து படித்திருக்கிறார். இப்போது நடத்துகிறார்.

ஓனர்களுக்கும் கஷ்டம் உண்டு என்று சொல்வீர்கள். உண்டு. லோன் உண்டு, வாடகை கொடுக்காமல் ஓடிப்போகிறவர்கள் உண்டு, பெங்களூருக்கும் ஓசூருக்கும் நடுவே டிராஃபிக் உண்டு. நான் அவரை பாத்ரூம் குழாய் மாற்ற நேரில் வரச் சொல்லவில்லை. "முடியாது" என்று ஒரு வார்த்தை டைப் பண்ணச் சொல்கிறேன். அதையாவது சொன்னால் நாங்கள் அடுத்த வேலையைப் பார்ப்போம். அவர் முடியாது என்றும் சொல்லமாட்டார், சரி என்றும் சொல்லமாட்டார்.

நாங்கள் அவருக்கு எத்தனை பதில் சொன்னோம் என்று எண்ணிப் பார்த்தேன். எந்த ஊர், அப்பா என்ன செய்கிறார், கறி சமைப்பீர்களா, ஷிஃப்ட் எத்தனை மணிக்கு முடியும், கல்யாணம் எப்போது. கடைசியாக, குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, "தப்பா நினைக்காதம்மா, நீங்க என்ன ஆளுங்க?" மூன்று பேரும் வரிசையாகச் சொன்னோம். அதில் ஒருத்தி பொய் சொன்னாள், வேறு வழியில்லாமல். நவீன கவிதை பற்றி இரவெல்லாம் சண்டை போடுகிற நான்தான் அந்த இடத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். இதைப் படிக்கிற உங்களில் எத்தனை பேர் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல மாட்டேன் என்று சொல்லி ஒரு வீட்டை விட்டுவிட்டு வந்திருப்பீர்கள்?

2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் ஹாஸ்டல் சாப்பாட்டால் நோயுற்று, சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். எங்கள் ஊர் வழியாகப் போகும் அதே ரோடு. அவர்கள் உட்கார்ந்த பிறகுதான், தங்குமிடங்களும் சாப்பாட்டுக் கூடங்களும் தன் தரத்துக்கு இல்லை என்பது ஆப்பிளுக்கே தெரிந்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதியை அரசு திறந்தது. எண்ணிக்கை இருந்தால் பதில் வரும் போலிருக்கிறது. வாடகை வீட்டில் ஆளாளுக்கு ஒரு கதவு, ஒரு ஓனர், ஒரு நீல டிக். மூன்று பேர் எந்த ரோட்டில் உட்காருவது?

1915-இல் கிளாஸ்கோ நகரத்துக்குப் போர்க்கால ஆலை வேலைக்காக ஆட்கள் குவிந்தார்கள், வீட்டுக்காரர்கள் வாடகையை ஏற்றினார்கள். மேரி பார்பர் போன்ற பெண்கள் தெருத்தெருவாக ஒருங்கிணைந்து, ஏற்றிய வாடகையைக் கட்ட மறுத்தார்கள். நவம்பர் 17 அன்று வழக்கு நீதிமன்றத்துக்கு வந்தபோது கப்பல் தளத் தொழிலாளர்கள் வேலையைப் போட்டுவிட்டு அங்கே போய் நின்றார்கள். அந்த வருஷம் முடிவதற்குள் வாடகை உயர்வுக்குத் தடைபோட்டுச் சட்டம் வந்தது. ஆலைக்குள் இருந்த ஒற்றுமை வீட்டு வாசலுக்கும் வந்ததுதான் அங்கே நடந்த விஷயம். எங்கள் ஓனர் அதை ஆலை கேட்டிலேயே செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

வேறென்ன செய்வது? எலெக்ட்ரீஷியனை நாங்களே கூப்பிட்டோம். போர்டைத் திறந்து பார்த்துவிட்டு, "எர்த்தே இல்லம்மா, யாருக்கும் ஒண்ணும் ஆகலைன்னா சாமி புண்ணியம்" என்றார். பிளம்பர் டைல்ஸை உடைத்தார். உள்ளே குழாய் மூட்டு விட்டிருந்தது. கூலி, பொருள் எல்லாம் சேர்த்து 6,400 ரூபாய். உரிமையாளர் செய்ய வேண்டிய பழுதைச் செய்ய மறுத்தால், குடியிருப்பவர் செய்துகொண்டு வாடகையில் கழிக்கலாம் என்று சட்டத்தில் இருக்கிறது என்றேன். "அவர் மறுக்கலியேடி, பேசாமத்தானே இருக்கார்" என்றாள் திருப்பத்தூர்க்காரி. இருபத்து மூன்று மெசேஜைப் படித்துவிட்டுப் பேசாமல் இருப்பதுக்கு வேறு என்ன பேர் என்று கேட்டேன். எங்களிடம் பதிவு எண் இல்லை, ஒப்பந்தத்தின் நகல்கூட இல்லை. வாடகை அதிகாரி முன்னால் போய் நின்றால் முதலில் அதைத்தான் கேட்பார் என்று மூவருக்கும் தெரியும். இருந்தாலும் பில்லை போட்டோ எடுத்து, உடைந்த குழாய் மூட்டையும் பக்கத்தில் வைத்து எடுத்து அனுப்பினோம். ஐந்தாம் தேதி காலை 4,600 மட்டும் போட்டுவிட்டு டியூட்டிக்குக் கிளம்பினேன்.

பஸ் மூக்கண்டப்பள்ளி தாண்டுவதற்குள் போன் அடித்தது. எடுக்கவில்லை. இரண்டாவது முறையும் அடித்தது. அப்புறம் மெசேஜ்: "யாரைக் கேட்டு கழிச்சீங்க? உடனே பேசவும்." தமிழில் டைப் பண்ணியிருந்தார், முற்றுப்புள்ளிகூட வைத்திருந்தார்.

திறந்து படித்தேன். ஒப்பந்தத்தின் செராக்ஸ் அனுப்புங்கள் சார், பேசுகிறேன் என்று டைப் பண்ணி, அனுப்பி, போனைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். ஷிஃப்ட் முடிந்து எடுத்துப் பார்த்தபோது இரண்டு டிக்கும் நீலமாகியிருந்தன.