பக்ரா அணையும் அதன் பக்கத்து ஊர்களும்

பள்ளி விடுமுறை நெருங்கும் நாட்களில் தலைநகரத்துத் தமிழ்க் குடும்பங்களில் எழும் முதல் வினா, இவ்வாண்டு எங்கே செல்வது என்பதே. ஹரித்துவாரமும் சிம்லாவும் பலருக்குப் பழகிய இடங்களாகிவிட்டன. ஓரிரவு ரயில் பயணத்தில் அடையக்கூடியதாயிருந்தும், நம்மவர் அதிகம் நாடாத ஓர் இடத்தை இம்மாதம் நேயர்களுக்கு எடுத்துக் கூற விழைகிறோம். ஸட்லெஜ் நதியின் குறுக்கே நிற்கும் பக்ரா அணையும், அதைச் சூழ்ந்துள்ள சிற்றூர்களுமே அவை.

இரு மலைகள் நெருங்கி நிற்கும் குறுகிய பள்ளத்தாக்கில், 226 மீட்டர் உயரமும் 518 மீட்டர் நீளமும் உடையதாக எழுந்துள்ளது இவ்வணை. 1963-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் நாள் பண்டித நேரு இதனை நாட்டுக்கு அர்ப்பணித்தார். கட்டுமானப் பணியை முன்னின்று நடத்திய அமெரிக்கப் பொறியாளர் ஹார்வி ஸ்லோகம், அந்நாளைக் காணாமலே 1961-இல் மறைந்தார். அணையின் பின்னே விரிந்திருக்கும் கோவிந்த ஸாகர் ஏரி, மேட்டூர் நீர்த்தேக்கத்தைப் போல மூன்றரை மடங்கு நீரைக் கொள்ள வல்லது என்றால் அதன் பரப்பை நேயர்கள் ஊகித்துக் கொள்ளலாம்.

அணைக்குக் கீழே 13 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது நங்கல். அங்கே மற்றோர் அணை நீரைத் தடுத்துக் கால்வாயில் திருப்புகிறது. பஞ்சாப், ஹரியாணா, ராஜஸ்தான் வயல்கள் வளம் பெறுவது இவ்வழியேதான். நங்கலிலிருந்து பக்ராவுக்கு ஒரு சிறு ரயில் ஓடுகிறது. 1948 முதல் ஓடும் அதில் பயணச் சீட்டு என்பதே கிடையாது. அணை வேலைக்காகத் தோன்றிய அவ்வண்டியில் இன்று அண்டைக் கிராமத்து மக்களும் மாணவர்களும் ஏறி இறங்குகின்றனர். சிறுவர்களுக்கு அப்பயணம் ஒன்றே போதும். 1699-இல் குரு கோவிந்த சிங் கால்ஸா அமைப்பை நிறுவிய ஆனந்தபூர் ஸாஹிப் அருகிலேயே உள்ளது. ஏரிக்கு அவருடைய பெயரே இடப்பட்டிருக்கிறது. மலையுச்சியில் நைனா தேவியின் ஆலயம் உண்டு. அங்கிருந்து ஏரியைக் காண்பது தனி இன்பம்.

சுற்றுலாச் செல்வோர் பெரும்பாலும் இத்துடன் திரும்பிவிடுகின்றனர். ஆனால் ஏரிக்கரையோரமாகப் பிலாஸ்பூர் வரை சென்று திரும்ப வேண்டுமென்பதே நமது வேண்டுகோள். காரணம் உண்டு.

இன்று நாம் காணும் பிலாஸ்பூர் புதிய ஊர். சிற்றரசர்களின் தலைநகராயிருந்த பழைய பிலாஸ்பூர், அரண்மனையும் கடைவீதியும் கோயில்களுமாக, 1960-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் நீரில் மூழ்கியது. அந்நகரோடு ஏறக்குறைய 370 கிராமங்களும் மறைந்தன. நீர் வற்றும் மாதங்களில் பழைய கற்கோயில்களின் சிகரங்கள் சேற்றிலிருந்து தலைதூக்குகின்றன. மழைக்காலம் வந்ததும் மீண்டும் மறைகின்றன. வெளியேறியவர்களுள் ஒரு பகுதியினர் மலைமேல் குடியேறினர். சிலர் ஏரியில் மீன்பிடிக்கும் தொழிலைக் கைக்கொண்டனர். வேறு சிலருக்கு வெகு தொலைவில், ஹிஸார் பக்கத்துச் சமவெளியில் நிலம் அளிக்கப்பட்டது. மலைக்காற்றிலே வளர்ந்தவர்கள் புழுதிக்காற்றிலே புதுவாழ்வு தொடங்கினர். தம் ஊரை மூழ்கடித்த அதே நீர், கால்வாய் வழியே அவர்தம் புதிய வயல்களுக்கு வந்து சேர்ந்தது. நில உரிமை குறித்த குறைகள் சில குடும்பங்களுக்குப் பல்லாண்டுகள் கழித்தும் தீரவில்லை.

இத்தகைய வரலாறு நமக்குப் புதிதன்று. மேட்டூரில் நீர் குறையும்போது பண்ணவாடிப் பரிசல் துறையருகே பழைய கோயிலின் நந்தியும் கிறிஸ்தவ ஆலயக் கோபுரமும் வெளிப்படுவதைச் சேலத்து நேயர்கள் அறிவர். 1934-இல் முடிந்த அவ்வணையால் தஞ்சை வயல்கள் உறுதி பெற்றன. காவிரிக்கரைக் கிராமங்கள் பல இடம்பெயர்ந்தன.

அணை வேண்டாம் என்று எவரும் கூறப்போவதில்லை. பஞ்சத்தை அஞ்சி வாழ்ந்த நாட்டில் அது நெல்லும் கோதுமையும் மின்சாரமும் தந்தது. தலைநகரில் நம் வீட்டுக் குழாயில் வரும் நீரிலும் பக்ராவின் பங்கு கலந்திருக்கிறது. பிழைப்பின் பொருட்டுத் தாமாகவே ஊரை விட்டு வந்தவர்கள் நாம். விரும்பும்போது திரும்பிச் சென்று பார்க்க நமக்கு ஓர் ஊர் இருக்கிறது. பிலாஸ்பூர்க்காரர்களுக்கு அதுவும் இல்லை. அணையைக் காட்டும்போது இதனையும் குழந்தைகளுக்குச் சொல்லுதல் பெற்றோர் கடமையாகும்.

கோயில் சிகரங்களைக் காண விரும்புவோர் மழை தொடங்குமுன் செல்லுதல் நன்று. நிரம்பிய ஏரியைக் காண விரும்புவோர் செப்டம்பர் மாதத்தைத் தேர்ந்தெடுக்கலாம். இயன்றவர்கள் இரு முறையும் சென்று வருவாராக.