பெயரிழந்து எண்ணானவர்கள்

வங்காளத்துக் கலியாணகுமார முகர்சி படை மருத்துவர்; கொன்றவர் அல்லர், புண்ணுக்கு மருந்திட்டவர். ஆங்கிலேயப் படையுடன் 1915இல் பாசுரா சென்ற அவர், கூத்து அமாரா முற்றுகையில் அகப்பட்டார். உணவின்றிக் குதிரைகளை அறுத்துண்ட அப்படை, 147 நாள்களுக்குப் பின், 1916 ஏப்பிரல் 29இல் துருக்கியரிடம் பணிந்தது. இராசு அல் ஐன் பாலையில் இருப்புப்பாதை வேலைக்கு ஆட்படுத்தப்பட்ட இந்தியச் சிறையாளரிடையே மருத்துவம் பார்த்தவர், 1917இல் கொள்ளைக் காய்ச்சலுக்கு இரையானார். நாற்பது காணாத அகவை!

வீட்டுக்கு அவர் தாய்மொழியிலேயே மடல் எழுதினார். ஆங்கிலேயர் கற்பித்த நாட்டுப்பற்றே இக்குருதிப் பெருக்குக்கு வித்து என்று, வெள்ளையர் சீருடைக்குள் இருந்தே எழுதினார். (பிறர் மண்ணைப் பறிப்பது பற்றாகுமா என்ன?) அம்மடல்களைக் கொண்டு அவர்தம் பாட்டியார் மோக்கதா தேவியார், தள்ளாத அகவையில், 1928இல் வங்கமொழியில் நூல் யாத்தார். இல்லையேல் அவரை அறிவார் யார்?

ஈராக்கிலுள்ள பாசுரா போர் நினைவகத்தில், இந்தியப் படையைப் பொறுத்தவரை, அலுவலர்க்கே பெயர் பொறித்தனர். இந்தியப் பொதுநிலைப் படைஞர் படைவாரியாக வெறும் எண்ணிக்கை! போர்க் கல்லறை ஆணையம் இத்தகைய வேற்றுமைக்கு வருந்தியதே 2021இல்தான். நமக்கு அண்டையிலுள்ள பெங்களூரைப் பாளையமாகக் கொண்ட சென்னைச் சாப்பர் படையும் அம்மண்ணில் பொருதது. ஆநிரை மீட்டு வீழ்ந்தவனுக்கும் கல் நட்டுப் பெயர் பொறித்த கிருட்டினகிரி மண்ணன்றோ இது?

உத்தனப்பள்ளி, இராயக்கோட்டை, ஓசூர் வட்டார அன்பர்களே! போருக்குப் போய் மீளாதவர் எவரேனும் உம் குடியில் உளரா? பரணிலுள்ள பழம்பெட்டிகளைத் திறந்து பாருங்கள். மடலோ பதக்கமோ கிடைப்பின், பெயரும் ஊரும் குறித்து, தமிழில் எழுதி விடுங்கள்.