அலுமாரியில் ஓர் இடம்

ஆலிஸ் ஓஸ்மனின் 'ஹார்ட்ஸ்டாப்பர்' காமிக்ஸ் தொடர் ஆறாம் தொகுதியோடு நிறைவடைகிறது. நிக், சார்லி என்ற இரண்டு பள்ளிக்கூடப் பையன்கள் காதலிக்கிறார்கள், கதை அவ்வளவுதான். ஆண்களை விரும்பும் எனக்கு அந்த 'அவ்வளவுதான்' பெரிய ஆறுதல். மார்வெல் காமிக்ஸின் சூப்பர்ஹீரோ நார்த்ஸ்டார், தான் தன்பாலீர்ப்பாளர் என்று 1992இல் வெளிப்படையாகச் சொன்னார். 2012இல் அவருக்குக் கல்யாணமும் நடந்தது. 2021இல் சூப்பர்மேனின் மகன் ஜோன் கென்ட் ஓர் ஆணை முத்தமிட்டான். இப்படியான கதைகளுக்கு ரீசேர்ட்டும் பொம்மையும் சட்டையில் குத்தும் பின்னும் வருவதைப் பார்க்க மனம் நிறைகிறது. ஆனால் கல்முனையில் அதிலொன்றை உம்மாவின் கண்படும் அலுமாரியில் வைப்பது லேசான காரியமில்லை. எங்களைக் குற்றவாளிகளாக்கும் 365, 365ஏ பிரிவுகள் இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையில் இருக்கின்றன. அவற்றைத் திருத்தும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணல்ல என்று உயர் நீதிமன்றம் 2023 மேயில் தீர்மானித்தும், பாராளுமன்றம் அதை நிறைவேற்றவில்லை. ஆகவே பொம்மைக்கு முன் புத்தகத்தைக் கேட்கிறேன். 1972இல் இரும்புக்கை மாயாவியோடு முத்து காமிக்ஸைத் தொடங்கிய சிவகாசி, நிக்கையும் சார்லியையும் தமிழில் பேச வைக்கட்டும். அங்கே கௌபாய் கதைகளுக்குக் கிடைக்கும் அதே நல்ல தாளில், அதே வண்ணத்தில்.