மாஸ்டர் இன்றைக்கும் வரலை!

குற்றாலத்தில் சீசன் ஜூனில் ஆரம்பித்து, சாரல் மனசு வைத்தால் செப்டம்பர் வரை நீளும். அருவியில் நின்றவனுக்கு அகோரமாகப் பசிக்கும். பசித்தவன் பிரானூர் பார்டர் வரை போய்ப் புரோட்டாவும் நாட்டுக்கோழியும் கேட்பான். ஆக, தென்காசி வட்டாரத்துக் கடைக்காரருக்கு வருஷத்தில் மூணு, நாலு மாசம்தான் தீபாவளி. மாஸ்டர் 'டிமிக்கி' கொடுப்பதும் சரியாக அப்போதுதான்!

ஒரு கடையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மாஸ்டர் வீசினால் புரோட்டா பூவாக விரியும். ஆனால், திங்கட்கிழமை வரமாட்டார். சப்ளையர் பையனைக் கை நீட்டி அடிப்பார். கல்லாப் பக்கமும் கை போகிறது என்று பேச்சு. "என்னத்தச் செய்ய வே? அட்வான்ஸ் வாங்கிருக்கான். சீசன் முடியட்டும்னு பாக்கேன்" என்பார் அண்ணாச்சி.

அட்வான்ஸ் கொடுத்து மாஸ்டரைக் கட்டிப் போட்டிருப்பதாக அவருக்கு நினைப்பு. கட்டுண்டு கிடப்பவரே அவர்தான். கடனைக் காட்டி ஆளைப் பிடித்து வைத்து வேலை வாங்கினால், 1976-ம் வருஷத்துக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் அண்ணாச்சியைத்தான் தேடி வரும்.

'கெட்டிக்காரன், போனால் போகட்டும்' என்று விட்டவர்கள் லண்டனிலும் உண்டு. 1762-ல் ஆரம்பித்த பேரிங்ஸ் பாங்க், நிக் லீசன் என்ற இளைஞரைச் சிங்கப்பூரில் உட்கார வைத்தது. வியாபாரம் செய்வதும் அவர். அந்தக் கணக்கைச் சரிபார்க்கும் பிரிவும் அவர் கையில். காகிதத்தில் லாபம் கொட்டியதால் யாரும் குடையவில்லை. நஷ்டமெல்லாம் 88888 என்ற கணக்கில் பதுங்கியிருந்தது. 1995 பிப்ரவரியில் குட்டு உடைந்தபோது பள்ளம் 82 கோடி பவுண்டுக்கு மேல். பாங்க் விலை போனது ஒரே ஒரு பவுண்டுக்கு!

சரி, மாஸ்டரை இன்றைக்கே துரத்திவிடலாமா? அதுவும் ஆகாது. 1947-ம் வருஷத்துத் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டப்படி, ஆறு மாசம் தொடர்ந்து வேலை பார்த்தவரை அனுப்ப நியாயமான காரணம் வேண்டும்; ஒரு மாச நோட்டீஸோ சம்பளமோ தரவேண்டும். தப்பு செய்தார் என்றால், விசாரணை வைத்து ஆதாரத்தோடு பதிவு செய்தால்தான் நோட்டீஸ் தேவையில்லை. ஆகவே முதல் திங்கட்கிழமையே பேசுங்கள். அடுத்ததற்கு எழுதிக் கொடுங்கள். பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். அவர் பக்கமும் நியாயம் இருக்கலாம், கேட்டால்தானே தெரியும்? கல்லாச் சாவியை மட்டும் இன்னொருவரிடம் கொடுங்கள்.

அண்ணாச்சி கணக்கில் எழுத மறந்த நஷ்டம் ஒன்று உண்டு. அடி வாங்கிய பையன் சண்டை போடமாட்டான். ஒருநாள் செங்கோட்டை தாண்டிக் கொல்லம் ரயிலேறிவிடுவான். மோசமான ஆளை வைத்திருந்தால் முதலில் போவது நல்ல ஆள்தான். ஆபீஸிலும் இதே கதைதான்.

மெயினருவியில் தண்ணீர் ஆர்ச்சைத் தாண்டி விழுந்தால் போலீஸ் உடனே குளிக்கத் தடை போடுகிறது. 'சீசன் கூட்டமாச்சே, ரெண்டு நாள் பார்ப்போம்' என்று யாராவது சொல்கிறார்களா, என்ன?