பாஸ் புத்தகத்தை விட்டுவிடலாமா?

தை மாதம் சம்பா அறுவடை முடிந்து, நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டுவிட்டு வரும் வயதான விவசாயி, அடுத்த சில நாட்களில் இரண்டு மூன்று தடவையாவது வங்கிக்கு நடக்கிறார். நெல்லுக்கான பணம் இப்பொழுது கையில் தரப்படுவதில்லை. நேராகக் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது. வந்துவிட்டதா என்று தெரிந்து கொள்ளத்தான் இந்த நடை. வங்கியிலோ பாஸ் புத்தகத்தில் பதியும் இயந்திரம் பழுது என்கிறார்கள். அல்லது, "உங்கள் பையனைச் செல்போனில் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள், பெரியவரே" என்கிறார்கள். பையன் திருப்பூரில் இருக்கிறான்.

வங்கிகள் காகிதத்தைக் குறைத்து எல்லாவற்றையும் செல்போனுக்கு மாற்ற முனைவதில் வியப்பில்லை. காகிதத்துக்கும் ஆளுக்கும் செலவு பிடிக்கிறது. ஆனால் அறுபது, எழுபது வயதைக் கடந்த சிறு விவசாயி, பாஸ் புத்தகத்தை விட்டுவிட்டுச் செல்போனை மட்டும் நம்புவது உசிதமல்ல. அதேபோல், புத்தகம் டிரங்குப் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது என்ற தைரியத்தில் ஆறு மாதம் வங்கிப் பக்கமே போகாமல் இருப்பதும் ஆபத்துதான். பணம் போனதை உடனே தெரிவிப்பது செல்போன். பின்னால் வழக்கு என்று வந்தால் சாட்சிக்கு நிற்பது புத்தகம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பாஸ் புத்தகம் வங்கி காட்டும் சலுகை அல்ல. தனிநபர் சேமிப்புக் கணக்கு வைத்திருப்பவர் அனைவருக்கும் பாஸ் புத்தகம் கண்டிப்பாகத் தர வேண்டும், அதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்று 2006-ஆம் ஆண்டிலேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு உத்தரவிட்டது. புரியாத குறியீடுகளைப் போட்டு நிரப்பாமல், பணம் யாரிடமிருந்து வந்தது, எதற்காகப் பிடிக்கப்பட்டது என்ற விவரம் தெரியும்படி பதிய வேண்டும் என்று 2017 ஜூன் மாதம் மறுபடியும் அறிவுறுத்தியது. ஆகவே கவுண்டரில் புத்தகத்தை நீட்டும் விவசாயி யாரிடமும் தயவு கேட்கவில்லை.

இந்தப் புத்தகத்தில் விவசாயிக்கு என்ன இருக்கிறது? மாதச் சம்பளக்காரருக்கு இருப்பதைவிட அதிகமாகவே இருக்கிறது. பயிர்க் காப்பீட்டை எடுத்துக் கொள்வோம். பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் விவசாயி செலுத்தும் பங்கு காரீப் பருவ உணவுப் பயிருக்கு 2 சதவீதம், ராபி பருவத்துக்கு 1.5 சதவீதம், பணப்பயிர், தோட்டப்பயிர்களுக்கு அதிகபட்சம் 5 சதவீதம். பயிர்க்கடன் வாங்கியவர்களுக்கும் 2020 காரீப் முதல் காப்பீடு கட்டாயமில்லை. ஆனால் வேண்டாம் என்று கடைசித் தேதிக்கு ஏழு நாட்கள் முன்பாக எழுதிக் கொடுக்காவிட்டால் வங்கியே பிரீமியத்தைப் பிடித்துக் கொள்ளும். பிடித்ததா இல்லையா என்பது மழையில் பயிர் மூழ்கிய பிறகுதான் பலருக்கு நினைவு வருகிறது. இழப்பீட்டுப் பட்டியலில் பெயர் இல்லை என்று சொல்லப்படும்போது, "இன்ன தேதியில் என் கணக்கில் பிரீமியம் பிடித்திருக்கிறீர்கள்" என்று காட்ட, பதிவான அந்த ஒரு வரி வேண்டும். பிரீமியத்தைப் பிடித்துக் கொண்டு விவசாயியின் பெயரைக் காப்பீட்டுத் தளத்தில் ஏற்றத் தவறினால் பொறுப்பு வங்கியைச் சேர்ந்தது என்பது திட்டத்தின் நெறிமுறை. பிரீமியம் பெரும்பாலும் கடன் கணக்கில் பிடிக்கப்படுவதால், சேமிப்புப் புத்தகத்தோடு நின்றுவிடாமல் கடன் கணக்கின் விவரத்தையும் கேட்டு வாங்க வேண்டும்.

பயிர்க்கடன் வட்டியும் இப்படித்தான். கிசான் கிரெடிட் கார்டில் 3 லட்சம் ரூபாய் வரையிலான பயிர்க்கடனுக்கு வட்டி 7 சதவீதம். கெடுவுக்குள் திருப்பிக் கட்டினால் 3 சதவீதம் குறைந்து 4 ஆகிறது. ஒரு லட்சம் கடனில் இந்த வித்தியாசம் ஆண்டுக்கு 3,000 ரூபாய். ஒரு மூட்டை யூரியாவின் விலையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இதன் மதிப்பு புரியும். பணம் கட்டிய தேதி எந்த நாளில் வரவாகியிருக்கிறது என்பதைக் கட்டிய அன்றே பார்த்துவிட வேண்டும். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தில் கெடுவுக்குள் கட்டினால் தமிழ்நாட்டில் வட்டியே கிடையாது. ஆனால் அந்தச் சங்கங்கள் ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாட்டில் உள்ள வங்கிகள் அல்ல. எனவே அங்கே ரசீதைப் பத்திரப்படுத்துவது இன்னும் அவசியம்.

"பி.எம். கிசான் பணம் வரவில்லை" என்ற புகார் எல்லா ஊரிலும் உண்டு. 2019-இல் தொடங்கிய இத்திட்டத்தில் ஆண்டுக்கு மூன்று தவணையாக 2,000 ரூபாய் வீதம் வருகிறது. ஆதார் வழியாக அனுப்பப்படும் பணம், கடைசியாக எந்த வங்கிக் கணக்கில் ஆதார் இணைக்கப்பட்டதோ அந்தக் கணக்குக்குப் போகும். நூறு நாள் வேலைக்கு ஒரு வங்கி, நகைக்கடனுக்கு ஒரு வங்கி, கூட்டுறவில் ஒன்று என்று கணக்கு வைத்திருப்பவர் ஒரு புத்தகத்தில் மட்டும் தேடிவிட்டு அரசைக் குறை சொல்கிறார். பணம் மூன்றாவது வங்கியில் தூங்குகிறது. எல்லாப் புத்தகங்களையும் ஒரே நாளில் எடுத்துப் போய்ப் பதிந்து பார்த்தால் பாதிப் புகார்கள் தீர்ந்துவிடும்.

இனி செல்போன். வங்கியில் கொடுத்திருக்கும் எண் யாருடையது என்பதுதான் முதல் கேள்வி. கணக்கு தகப்பனார் பெயரில், எண் மகனுடையது. சில வீடுகளில் அந்த எண்ணுக்கு ரீசார்ஜ் செய்யாமல் விட்டு, அது வேறு யாருக்கோ போய்விட்டது. மகன் நல்லவனாகவே இருக்கட்டும். பணம் எடுக்கப்பட்ட செய்தி உரியவருக்கு வந்து சேரவில்லையே! இதற்கு விலையுயர்ந்த ஸ்மார்ட் போன் வேண்டியதில்லை. பொத்தான் போன் ஒன்று போதும். குறுஞ்செய்தி அதிலும் வரும். செய்தி ஆங்கிலத்தில் வருகிறது என்பது உண்மையான குறை. தமிழில் அனுப்ப முடியாத அளவுக்கு வங்கிகளுக்கு என்ன தொழில்நுட்பச் சிக்கல் என்று தெரியவில்லை. அதுவரை, செய்தி வந்த அன்றே படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட வேண்டும்.

ஏன் அன்றே? விவசாயியின் தவறு இல்லாமல் மூன்றாம் நபர் மின்னணு முறையில் பணத்தை எடுத்துவிட்டால், வங்கியின் தகவல் கிடைத்து மூன்று வேலை நாட்களுக்குள் புகார் செய்பவருக்கு நட்டம் இல்லை என்று 2017 ஜூலை 6-ஆம் தேதிய சுற்றறிக்கையில் ரிசர்வ் வங்கி விதி வகுத்தது. நான்கு முதல் ஏழு வேலை நாட்களுக்குள் என்றால் சாதாரண சேமிப்புக் கணக்கில் 10,000 ரூபாய் வரை நட்டத்தை அவரே தாங்க நேரிடலாம். அதற்கும் பிந்தினால் அந்தந்த வங்கியின் கொள்கை எப்படியோ அப்படி. அதே ஆண்டு டிசம்பரில் கூட்டுறவு வங்கிகளுக்கும் இதே போன்ற விதி வந்தது. பாஸ் புத்தகத்தை மட்டும் நம்பி, பொங்கலுக்கு ஒரு முறை, ஆடிக்கு ஒரு முறை பதிகிறவர் இந்தப் பாதுகாப்பை இழந்துவிடுகிறார். பணம் போனது தெரிந்தவுடன் வங்கிக்கும் 1930 என்ற எண்ணுக்கும் தெரிவிக்க வேண்டும்.

ரகசிய எண்ணைத் தானே சொல்லிவிட்டால் நிலைமை வேறு. புகார் செய்யும் வரை ஏற்படும் நட்டம் அவருடையதே. "மானியம் வந்திருக்கிறது, நாலு இலக்க எண்ணைப் போடுங்கள்" என்று போனில் பேசுகிறவன் திருடன். யு.பி.ஐ.யில் பணம் கொடுக்கத்தான் ரகசிய எண் வேண்டும். பணம் பெற வேண்டியதில்லை. பி.எம். கிசான் பெயரைச் சொல்லி வாட்ஸ்ஆப்பில் வரும் செயலியைப் பேரப்பிள்ளை கூடத் தட்டிவிடக் கூடாது.

ஊருக்குள் கைரேகை இயந்திரத்தோடு வரும் வங்கி முகவரால் வயதானவர்களுக்குப் பெரிய சௌகரியம்தான். மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரலில் ரேகை சரியாகப் படியாது. "விழவில்லை, இன்னொரு தடவை வையுங்கள்" என்று நாலு தடவை வைத்தால், அதில் ஒன்று விழுந்து பணம் கழிந்திருக்கலாம். முகவர் குற்றம் செய்யாமலும் இது நடக்கக் கூடும். விழுந்தாலும் விழாவிட்டாலும் ரசீது கேட்டு வாங்குவதும், அந்த வாரத்திலேயே புத்தகத்தில் பதிவதும் நல்லது.

கிளைக்கே நடக்க முடியாதவர்களுக்கும் வழி சொல்லப்பட்டிருக்கிறது. எழுபது வயதைக் கடந்தவர்களுக்கு வீட்டிலேயே பணம் கொடுத்தல், வாங்குதல் போன்ற அடிப்படைச் சேவைகளைச் செய்ய முயற்சி எடுக்க வேண்டும் என்று 2017 நவம்பரில் ரிசர்வ் வங்கி சொன்னது. கிராமத்தில் இது எத்தனை பேருக்குக் கிடைக்கிறது என்பதை விவசாயிகளே அறிவார்கள். பதிவு இயந்திரம் மாதக்கணக்கில் பழுதாகிக் கிடக்கும் கிளையில், நாலு பேர் சேர்ந்து மேலாளரிடம் எழுத்து மூலம் மனுக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக் கொள்ளலாம். முப்பது நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம், செலவில்லை. வாயால் சண்டை போடுவதைவிட இது பலன் தரும்.

கடைசியாக, பலர் வாய்விட்டுப் பேசத் தயங்கும் விஷயம். பெரியவர் காலமான பிறகு அவர் எந்தெந்த வங்கியில் கணக்கு வைத்திருந்தார் என்று வீட்டாருக்கு எப்படித் தெரியும்? பூட்டுப் போட்ட செல்போன் எதுவும் சொல்லாது. பெட்டியில் பட்டாவோடு சேர்ந்திருக்கும் புத்தகம் சொல்லும். பத்து ஆண்டுகள் கேட்பாரற்றுக் கிடக்கும் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்கு மாற்றப்படுகிறது; வாரிசுகள் பின்னரும் கேட்டுப் பெறலாம் என்றாலும் அலைச்சல் அதிகம். நியமனதாரர் பதிவாகியிருக்கிறாரா என்பது புத்தகத்தின் முன்பக்கத்திலேயே இருக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த முறை போகும்போது படிவம் கேட்டு எழுதிக் கொடுத்துவிடலாம். 2025 நவம்பர் முதல் நான்கு பேர் வரை நியமிக்க வழி உண்டு.

மாதம் ஒரு முறை, சந்தைக்குப் போகும் நாளில், புத்தகத்தைப் பையில் போட்டுக் கொண்டு போனால் போதும். நீண்ட நாள் பதியாமல் விட்டால் சில வங்கிகளில் இடைப்பட்ட வரவு செலவுகளை ஒரே வரியாகச் சுருக்கிப் பதிந்துவிடுகிறார்கள். காப்பீட்டுப் பிரீமியம் பிடித்த வரியும் அதற்குள் மறைந்துவிடும். புத்தகம் தீர்ந்து புதியது வாங்கும்போது, பழையதின் கடைசி இருப்பும் புதியதின் முதல் வரியும் ஒன்றா என்று கவுண்டரை விட்டு நகருமுன் பார்க்க வேண்டும். பழையதை எரித்துவிட வேண்டாம். அதே பெட்டியில் போட்டு வைக்கலாம்.