ஒரு நாள் வேடிக்கை போதாது

நாளிதழின் ஒரு மூலையில் எப்போதாவது இப்படி ஒரு செய்தி வரும்: “வெள்ளிக் கோளும் ஓர் ஒளிமிகுந்த நட்சத்திரமும் நாளை அதிகாலை அருகருகே தோன்றும். அரிய காட்சி, காணத் தவறாதீர்கள்.” ஆர்வமுள்ளவர்கள் அலாரம் வைத்து எழுந்து பார்ப்பார்கள். மேகம் மறைத்துவிட்டால் “சே, போயிற்றே!” என்று திரும்பிப் படுத்துக்கொள்வார்கள். மேகம் இல்லாவிட்டால் “அழகாக இருந்தது” என்பார்கள். இரண்டு வகையினரும் மறுநாள் எழுந்திருக்க மாட்டார்கள்.

இப்படி ஒரே நாள் பார்ப்பதில் பாதிப் பயன்கூட இல்லை என்பது என் கருத்து. முந்திய இரண்டு நாள், பிந்திய இரண்டு நாள் என்று சேர்த்து ஐந்து விடியற்காலைகள் பார்க்க வேண்டும். அதற்குப் பெரிய தொலைநோக்கி தேவையில்லை. ஒரு சாதாரண பைனாகுலர், ஒரு நோட்டு, ஒரு பென்சில் இருந்தால் போதும். இதை நான் கெட்டிக்காரத்தனத்தால் கண்டுபிடிக்கவில்லை; ஒரு மாணவனிடம் பதில் சொல்ல முடியாமல் விழித்ததால் தெரிந்துகொண்டேன்.

2012-ஆம் ஆண்டு. நான் கல்லூரியில் பாடம் நடத்தத் தொடங்கிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. முதலாண்டு வகுப்பில் கெப்ளர் விதிகளைக் கரும்பலகையில் நிரூபித்து முடித்தேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். “சார், கோள் நகர்றதை நீங்க கண்ணால பார்த்திருக்கீங்களா?” என்றான். குறும்பாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டான். “கணக்குப் போட்டால் தெரியுமப்பா” என்று சமாளித்தேன். வகுப்பு சிரித்தது. எனக்குத்தான் உறுத்தலாக இருந்தது. முதுகலைப் பட்டம் வாங்கியவன். நீள்வட்டம், பரப்பு விதி எல்லாம் தலைகீழாகத் தெரியும். ஆனால் ஒரு கோள் நட்சத்திரங்களிடையே நகர்வதை ஒரு தடவைகூட நான் பார்த்ததில்லை.

அவ்வாண்டு அக்டோபர் 3-ஆம் நாள் வெள்ளி, மக நட்சத்திரத்தை மிக நெருங்கியது. மேல்நாட்டார் இந்த நட்சத்திரத்தை ரெகுலஸ் என்பர். லத்தீன் மொழியில் ‘சிற்றரசன்’ என்று பொருள். சிம்ம மண்டலத்தின் தலைமை விண்மீன் இதுவே. நானும் விடியற்காலையில் எழுந்து மொட்டை மாடியில் நின்று வெறுங்கண்ணால் பார்த்தேன். பளீரென்று வெள்ளி, அதன் பக்கத்தில் ஒட்டினாற்போல் ஒரு சிறு புள்ளி. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் இரண்டு புள்ளிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதில் நகர்வு எங்கே தெரிகிறது? ஒரு புகைப்படத்தைப் பார்த்துவிட்டு, ரயில் ஓடுவதைப் பார்த்தேன் என்று சொல்ல முடியுமா? அந்த மாணவனின் கேள்வி அப்படியே நின்றது.

எட்டு ஆண்டு கழித்து, 2020 அக்டோபரில், அதே வெள்ளி, அதே மகம், அதே விடியற்கால வானம். இது தற்செயல் அல்ல. வெள்ளி சூரியனை 13 தடவை சுற்றி முடிக்க ஏறக்குறைய 2,921 நாட்கள் ஆகின்றன. நம்முடைய 8 ஆண்டுகளுக்கு 2,922 நாட்கள். ஆகவே எட்டாண்டுக்கு ஒருமுறை பூமி, வெள்ளி இரண்டுமே அநேகமாகப் பழைய இடங்களுக்கு வந்து சேர்கின்றன; வானத்துக் காட்சியும் திரும்புகிறது.

இந்தத் தடவை ஆயத்தமாக இருந்தேன். கொரோனாவினால் கல்லூரி மூடியிருந்த காலம். எங்கள் கல்லூரியில் நல்ல தொலைநோக்கி ஒன்று உண்டு. அது பீரோவில், பீரோ அறையில், அறை பூட்டில். வருத்தப்படவில்லை. விலங்கியல் துறை நண்பர் பறவை பார்க்க வைத்திருந்த பைனாகுலரை இரவல் வாங்கினேன். 10×50 என்று அதன் மேல் பொறித்திருந்தது. பத்து மடங்கு பெரிதாக்கும். முன் வில்லையின் விட்டம் 50 மில்லிமீட்டர் என்று பொருள். அருகில் 6.5 பாகை என்றும் எழுதியிருந்தது. பலரும் கவனிக்காத எண் அது. ஒரே பார்வையில் வானத்தில் எவ்வளவு அகலம் தெரியும் என்பதை அது சொல்கிறது. முழுநிலவின் அகலம் சுமார் அரைப் பாகை. அப்படியானால் பதின்மூன்று நிலவுகளை வரிசையாக வைக்கும் அகலம்!

பைனாகுலர் தொலைநோக்கியைத் தோற்கடிப்பது இந்த இடத்தில்தான். தொலைநோக்கியில் பெரும்பாலும் ஒரு பாகை அகலம்கூடத் தெரியாது. நெருங்கிய அந்த ஒரு நாள் தவிர மற்ற நாட்களில் இரண்டில் ஒன்று வெளியே போய்விடும். பைனாகுலரில் ஐந்து நாளும் இரண்டும் ஒரே வட்டத்துக்குள் இருக்கும். படமும் தலைகீழாகத் தெரியாது. மேல் மேலாகவே, கீழ் கீழாகவே இருக்கும்.

அப்போது எட்டாம் வகுப்பிலிருந்த என் மகள்தான் படம் வரைந்தாள். காம்பஸால் 13 செ.மீ. விட்டமுள்ள வட்டம் போட்டாள். ஒரு பாகைக்கு 2 செ.மீ. கணக்கு. நடுவில் மகம். வெள்ளி எங்கே தெரிகிறதோ அங்கே ஒரு புள்ளி, பக்கத்தில் தேதி, மணி. அவ்வளவே. முழங்கைகளைக் கைப்பிடிச் சுவரில் ஊன்றிக்கொண்டால் பைனாகுலர் ஆடாது. முதல் நாள் இதைச் செய்யாமல், வெள்ளி குதிக்கிறது என்று அவள் புகார் சொன்னாள்.

அக்டோபர் 1-ஆம் தேதி வெள்ளி மகத்துக்கு மேலே இரண்டு பாகைக்குச் சற்று அதிகமான தூரத்தில் இருந்தது. 2-ஆம் தேதி அதில் பாதி தூரம் இறங்கியிருந்தது. பார்த்தவுடன் மகள் “அப்பா, நகர்ந்திருச்சு!” என்று கத்தினாள். நான் எட்டு வருஷமாக எதிர்பார்த்திருந்த வாக்கியம் அது. வெள்ளியைவிட மகம் சுமார் 150 மடங்கு மங்கல். ஆனாலும் பைனாகுலரில் நீலம் கலந்த வெண்மையாகத் துல்லியமாகத் தெரிந்தது.

3-ஆம் தேதிதான் நாளிதழ்கள் சொன்ன ‘அரிய நாள்’. இரவெல்லாம் மழை. விடிகாலையிலும் மூடம் விலகவில்லை. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன்பே இப்படித்தான் நம் வானம் விளையாடும். 4, 5 தேதிகளில் வானம் தெளிந்தது. வெள்ளி இப்போது மகத்துக்குக் கீழே; முதலில் ஒரு பாகைக்குச் சற்று மேல், மறுநாள் அதைப் போல இரண்டு மடங்கு.

ஐந்தாம் நாள் காலை அளவுகோலை எடுத்து நான்கு புள்ளிகளையும் இணைத்தோம். ஏறக்குறைய நேர்க்கோடு. 2-ஆம் தேதிப் புள்ளிக்கும் 4-ஆம் தேதிப் புள்ளிக்கும் நடுவில் 3-ஆம் தேதி எங்கே விழும்? பாதித் தூரத்தில் குறித்தோம். பென்சில் முனை மகத்தின் மேலேயே போய் உட்கார்ந்தது. வானியலார் கணித்த தூரம் பத்தில் ஒரு பாகைக்கும் குறைவு. எங்கள் நோட்டில் அது 2 மில்லிமீட்டர்கூட இல்லை. சப்தரிஷி மண்டலத்தில் வசிஷ்டருக்கும் அருந்ததிக்கும் இடையே தெரிவதில் பாதித் தூரம்தான். நாங்கள் பார்க்காத நாளில் என்ன நடந்தது என்பதைப் பார்த்த நாட்கள் சொல்லிவிட்டன. 2012-இல் அந்த நாளைப் பார்த்தேன், நகர்வைக் காணவில்லை. 2020-இல் அந்த நாளைத் தவறவிட்டேன், நகர்வைக் கண்டேன்.

நாளொன்றுக்குச் சுமார் 1.15 பாகை நகர்ந்திருந்தது. இது வெள்ளியின் ஓட்டம் மட்டுமல்ல. சூரியனைச் சுற்றி வெள்ளி நாளொன்றுக்கு 1.6 பாகை ஓடுகிறது. நாம் நிற்கும் பூமியும் சுமார் ஒரு பாகை ஓடுகிறது. ஓடும் ரயிலிலிருந்து இன்னொரு ரயிலைப் பார்ப்பது போல இரண்டும் கலந்த கணக்கு இது. கெப்ளர் அவிழ்த்த முடிச்சும் இதுதான்.

பக்கத்து மாடியில் துளசிக்குத் தண்ணீர் ஊற்ற வந்த பெரியவர் ஒருவர், “என்ன சார், காலங்காத்தால?” என்று விசாரித்தார். விஷயத்தைச் சொன்னேன். “மகமா? என் நட்சத்திரமே மகம்தான்! எங்கே காட்டுங்கள்” என்றார். பைனாகுலரைக் கைப்பிடிச் சுவர்மேல் வைத்துவிட்டு விலகி நின்றேன். எழுபது வயதைத் தாண்டியவர்; கோயில் அர்ச்சனையில் ஆயிரம் தடவையாவது ‘மக நட்சத்திரம்’ என்று சொல்லியிருப்பார். அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார். வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை. பிறகு, “பஞ்சாங்கத்திலே சுக்கிரன் மகத்துக்கு வந்து நாலஞ்சு நாள் ஆச்சே, நீங்கள் இப்போதுதான் சேர்கிறது என்கிறீர்களே?” என்று கேட்டார்.

நல்ல கேள்வி. திருக்கணிதப் பஞ்சாங்கத்தில் சுக்கிரன் மகத்தில் புகுந்தது செப்டம்பர் 28 வாக்கில். பஞ்சாங்கத்தின் மகம் ஒரு புள்ளி அல்ல. 360 பாகையை 27-ஆல் வகுத்து வரும் 13 பாகை 20 கலை நீளமுள்ள ஒரு பங்கு. வானத்து மகம் அந்தப் பங்கின் தொடக்கத்திலிருந்து ஏறத்தாழ 6 பாகை உள்ளே இருக்கிறது. நாளைக்கு 1.15 பாகை வீதம் போனால் ஐந்து நாள் ஆகும். இரண்டு கணக்கும் சரியே. உங்கள் வீட்டுப் பஞ்சாங்கத்தை எடுத்து இப்படிச் சரிபார்த்துப் பாருங்கள். சோதிடத்தை நம்புங்கள் என்று சொல்லவில்லை; 27 பெயர்களை ஒப்பித்துவிட்டு ஒன்றையாவது வானத்தில் காட்டத் தெரியாமல் இருக்கிறோமே என்பதுதான் என் குறை.

“கைப்பேசியில் செயலி இருக்கிறதே சார், எல்லாம் காட்டுமே” என்று இப்போது மாணவர்கள் சொல்கிறார்கள். காட்டும், நானும் அதைத்தான் பார்த்து நாள் குறித்துக்கொள்கிறேன். ஆனால் செயலி காட்டுவதும் கணக்குதான், வானம் அல்ல. நான் கரும்பலகையில் காட்டியதற்கும் அதற்கும் வண்ணம் ஒன்றுதான் வேறுபாடு.

எழுதி வைப்பதை அற்பமாக எண்ணாதீர்கள். கி.மு. 272 அக்டோபரில் டிமோகாரிஸ் என்பவர் அலெக்சாந்திரியாவில், கன்னி மண்டலத்து விண்மீன் ஒன்றை வெள்ளி எட்டிப் பிடித்ததை வெறுங்கண்ணால் பார்த்துக் குறித்து வைத்தார். ஏறத்தாழ 400 ஆண்டுகளுக்குப் பின் தாலமி தம் நூலில் வெள்ளியின் ஓட்டத்தைக் கணிக்க அந்தக் குறிப்பைப் பயன்படுத்தினார். 1959 ஜூலை 7-ஆம் நாள் வெள்ளி மகத்தையே மறைத்தது. ஐரோப்பாவில் அப்போது பகல். ஆனாலும் வானியலார் தொலைநோக்கிகளில் அதைப் பின்தொடர்ந்தனர். நட்சத்திரம் சட்டென்று அணையாமல் படிப்படியாக மங்கியது. அந்த மங்கலிலிருந்து வெள்ளியின் மேல் வளிமண்டலத்தை அளந்தார்கள். எந்த விண்கலமும் வெள்ளியை எட்டிப் பார்க்காத காலம் அது. நம்மிடமிருந்து 79 ஒளியாண்டு தூரத்திலுள்ள நட்சத்திரம், பக்கத்து வீட்டுக் கோளுக்கு விளக்குப் பிடித்தது!

மகத்தை வெள்ளி அடுத்த தடவை மறைக்கப்போவது 2044 அக்டோபர் 1-இல். அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டியதில்லை. 2028 அக்டோபர் தொடக்கத்தில் எட்டாண்டுச் சுற்று மீண்டும் வருகிறது, விடியற்காலையில், கிழக்கே. அதே 2028 ஏப்ரல் தொடக்கத்தில், மாலை மேற்கு வானில், வெள்ளி கார்த்திகைக் கூட்டத்தைக் கடக்கும். பைனாகுலருக்கென்றே அமைந்த காட்சி அது. அதற்கு முன்பும் ரோகிணி, மகம், சித்திரை, கேட்டை ஆகிய நான்கு ஒளிமிக்க நட்சத்திரங்களையும் ஏதாவது ஒரு கோள் கடந்துகொண்டேதான் இருக்கும். மகம் சூரியனின் பாதையிலிருந்து அரைப் பாகை தள்ளித்தான் இருக்கிறது. 2025 செப்டம்பர் 19-இல்கூட வெள்ளி அதற்கு அரைப் பாகை அருகில் வந்து போனது.

பைனாகுலர் சொந்தமாக இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். பறவை பார்ப்பவர்களிடம் இருக்கும், கிரிக்கெட் பார்க்கப் போகும் மாமாவிடம் இருக்கும். முதலில் நட்சத்திரத்தைப் பார்த்து, அது சிறு புள்ளியாகச் சுருங்கும்வரை திருகிச் சரிசெய்யுங்கள். சூரியன் எழுமுன் கருவியை உறையில் போட்டுவிடுங்கள். பைனாகுலர் வழியே ஒரு கணம் சூரியன் பட்டாலும் கண் போய்விடும். நெருங்கும் நாளுக்கு இரண்டு நாள் முன்னதாகவே தொடங்குங்கள். அந்த ஒரு நாள் மேகம் மூடினால் கவலைப்படாமல் மறுநாள் எழுந்திருங்கள்.