வெள்ளோட்டம் வேண்டும்!

புதுத் தேர் செய்து முடித்தால், திருவிழாவுக்கு முன் அதை ஒருமுறை வெள்ளோட்டம் விட்டுப் பார்ப்பது நம் ஊர் வழக்கம். அச்சு முறிவதாயிருந்தால் அன்றே முறியட்டும் என்ற முன்யோசனை அது. கணிப்பொறி ஆய்வுக்கூடத்தில் நாம் என்ன செய்கிறோம்? ரெக்கார்டு நோட்டில் உள்ள நிரலை அப்படியே எடிட்டரில் தட்டச்சு செய்கிறோம். விடை வந்தால் கையெழுத்து வாங்குகிறோம். வராவிட்டால் பக்கத்து இருக்கையை எட்டிப் பார்க்கிறோம். வெள்ளோட்டம் எங்கே?

1991இல் கைடோ வான் ராசம் வெளியிட்ட பைத்தான் மொழியில் வெள்ளோட்டத்துக்கென்றே ஓர் இடம் இருக்கிறது. அதுதான் ஷெல். மூன்று கூர்க்குறிகளுக்கு எதிரே ஒரு வரி எழுதி என்டர் விசையைத் தட்டினால் அக்கணமே பதில் வரும். -7ஐ 2ஆல், இரட்டைச் சாய்கோடு இட்டு வகுத்துப் பாருங்கள். -3 வரும் என்று எதிர்பார்ப்போம், வருவதோ -4. ஈவைக் கீழ்நோக்கியே முழு எண்ணாக்கும் விதியை, மனப்பாடம் செய்யாமலே அரை நிமிடத்தில் அறிந்துகொள்கிறோம்.

அப்படியானால் எடிட்டர் எதற்கு? ஷெல்லில் நூறு வரி எழுதித் திருத்துவது பெரும்பாடு. நாளைக்கு வேண்டும் நிரலை அங்கே சேமித்து வைப்பதும் இயலாது. ஷெல் கரும்பலகை என்றால் எடிட்டர் நோட்டுப் புத்தகம். இரண்டும் அருகருகே இருக்க வேண்டும் என்பதே என் கருத்து. பைத்தானோடு சேர்ந்தே வரும் ஐடில் இவ்விரண்டையும் இணைத்துத் தருகிறது. எடிட்டரில் எழுதி எஃப்5 விசையை அழுத்தினால் நிரல் ஷெல்லில் ஓடுகிறது. ஓடி முடிந்த பின்னும் மாறிகள் அங்கேயே உயிரோடிருக்கின்றன. அவற்றை நாம் விசாரிக்கலாம்.

இதன் அருமையை ஒருநாள் கண்டேன். வாங்கிய எண்ணை மூன்றால் பெருக்கும் நிரலை நண்பர் ஒருவர் எழுதினார். 5 கொடுத்தால் 15 வர வேண்டும், 555 வந்தது! பத்து முறை படித்தும் பிழை தெரியவில்லை. பிரிண்ட் கட்டளை கொடுத்தாலும் 5 என்றே காட்டியது. ஷெல்லில் அந்த மாறியின் பெயரை மட்டும் தட்டினோம். '5' என்று மேற்கோள் குறிகளோடு வந்து நின்றது. இன்புட் தருவது எழுத்துச் சரம். அதை எண்ணாக மாற்றிய பிறகே பெருக்க வேண்டும் என்பது அன்று விளங்கியது.

இந்தக் கூட்டில் ஒரு கண்ணியும் உண்டு. முதலாண்டுச் செய்முறைத் தேர்வில் நானே அதில் விழுந்தேன். கூட்டுத்தொகைக்கான மாறியில் சுழியம் இட்டு, ஷெல்லில் கூட்டிப் பார்த்தேன், சரியாக வந்தது. கூட்டும் வரிகளை மட்டும் எடிட்டரில் எழுதினேன். சுழியம் இட்ட வரியை மறந்தேன். தேர்வாளர் முன் எஃப்5 அழுத்தினேன். ஐடிலோ ஷெல்லின் பழைய நினைவைத் துடைத்துவிட்டே நிரலை ஓட்டும். அப்படியொரு மாறியே இல்லை என்று சிவப்பு எழுத்தில் பதில் வந்தது. 10 மதிப்பெண் போயிற்று.

அன்று ஐடிலை நொந்துகொண்டேன். அது செய்ததே சரி என்று இன்று சொல்கிறேன். ஜூபிட்டர் போன்ற கருவிகளில், நாம் நீக்கிவிட்ட வரி தந்த மதிப்புகூட நினைவில் தங்கியிருக்கும். நம்மிடம் ஓடும் நிரல் அடுத்தவர் கணிப்பொறியில் ஓடாமல் நிற்கும். ஆகவே ஷெல்லில் சோதிப்போம், எடிட்டரில் எழுதுவோம், துடைத்த பலகையில் மீண்டும் ஓட்டிப் பார்த்த பிறகே சரி என்போம்.

பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆய்வுக்கூட வகுப்பில் முதல் பத்து நிமிடம் ரெக்கார்டு நோட்டை மூடி வைக்கச் சொல்லுங்கள். ஷெல்லோடு எங்களைப் பேச விடுங்கள். கையெழுத்து இடுமுன், ஒரு மதிப்பை மாற்றிக் கொடுத்து, என்ன விடை வரும் என்று கேளுங்கள். சொல்லத் தெரியாதவர்க்குக் கையெழுத்து வேண்டாம். முதலில் எனக்கே வேண்டாம்!

நண்பர்களே, நாளை வேலைக்குப் போகுமிடத்தில் ரெக்கார்டு நோட்டு உடன் வராது. அச்சு முறிவதானால் வெள்ளோட்டத்திலேயே முறியட்டும். தேர் நிலை சேரும்.

– கணினி அறிவியல், மூன்றாம் ஆண்டு